வலைப்பூவை வேர்ட் கோப்பாக்கி வைப்பது: வாசகர் கேள்வி பதில்

வலைப்பூவில் எழுதியதை ஆவணமாக எடுத்து வைப்பது பற்றிப் கேரள எல்லையிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சித்தூர் இரண்டு பக்கமும் இருப்பதால் மாநிலத்தையும் சேர்த்துப் போட்டிருக்கிறோம். மெனுப் பெயர்களை ஆங்கிலத் திரையில் தெரிகிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

வாசகர், சித்தூர், கேரளா

கேள்வி: கூகுளின் பிளாக்கர் சேவையில் 2008 முதல் எழுதுகிறேன். 'பேக் அப்' எடுத்ததில் ஒரே ஒரு கோப்பு இறங்கியது. வேர்டில் திறந்தால் கூர்முனை அடைப்புகளும் ஆங்கிலமுமாகக் கொட்டுகிறது. நடுநடுவே என் தமிழ் தலைகாட்டுகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. 'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'மேனேஜ் பிளாக்' பகுதியில் உள்ள 'பேக் அப் கன்டென்ட்' தருவது எக்ஸ்எம்எல் கோப்பு. இடுகை, தனிப்பக்கம், பின்னூட்டம், குறிச்சொல், வெளியிட்ட தேதி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இன்னொரு வலைப்பூவுக்குள் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்ட கோப்பு என்பதால் கண்ணால் படிக்க வசதிப்படாது. வேர்டில் திறந்ததோடு நிறுத்தினீர்களா, 'சேவ்' கொடுத்துவிட்டீர்களா என்பதுதான் முக்கியம். 'சேவ்' கொடுத்திருந்தால் அந்தப் பிரதியை அழித்துவிட்டுப் புதிதாக இறக்குங்கள். வேர்ட் தன் பங்குக்குச் சேர்த்த குறிகளோடு பிளாக்கர் அதை ஏற்றுக்கொள்ளும் என்று நம்ப முடியாது.

அந்தக் கோப்பில் இல்லாதது படங்கள். படம் இருக்கும் முகவரி மட்டும் எழுதியிருக்கும். படம் கூகுளின் கணினியில் கிடக்கும். படங்களும் வேண்டுமானால் கூகுள் டேக்அவுட்டில் (உங்கள் தரவை மொத்தமாக இறக்கித் தரும் பக்கம்) 'டிசெலக்ட் ஆல்' கொடுத்துவிட்டு 'பிளாக்கர்' ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஜிப் எத்தனை ஜிபி என்று கேட்கும்போது 2 ஜிபி என்று வையுங்கள். பழைய பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அமைப்பில் இருக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அவை வாங்காது. இறக்குவதற்கான இணைப்பு மின்னஞ்சலில் வந்த ஒரு வாரத்துக்குள் இறக்கிவிட வேண்டும், பிறகு காலாவதி ஆகிவிடும்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலை 'டூல்ஸ்' → 'எக்ஸ்போர்ட்' → 'ஆல் கன்டென்ட்'. அங்கும் வருவது எக்ஸ்எம்எல்தான், அதிலும் படம் கிடையாது.

ஆக, இந்தக் கோப்பை அப்படியே பத்திரப்படுத்துங்கள். படிப்பதற்கும் அச்சிடுவதற்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கும் வேர்ட் ஆவணம் தனியாகச் செய்துகொள்ளுங்கள். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

வாசகி, கொழிஞ்சாம்பாறை, கேரளா

கேள்வி: தமிழ் வழிப் பள்ளியில் ஆசிரியை. பள்ளிக் கணினியில் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும்தான். என் வலைப்பூவிலிருந்து இடுகைகளை நகலெடுத்து ரைட்டரில் ஒட்டினேன், படங்களோடு அழகாக வந்தது. வீட்டு மடிக்கணினியில் திறந்தால் படம் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டம். ஏன்?

பதில்: பள்ளியில் இணையம் இருந்தது, வீட்டில் திறந்தபோது இல்லை. காரணம் அவ்வளவுதான். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது ரைட்டர் படத்தை ஆவணத்துக்குள் வைப்பதில்லை. அதன் முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் இணையத்திலிருந்து வாங்கிக் காட்டுகிறது. வலைப்பூ போய்விட்டால் இந்தப் படங்களும் போய்விடும். காப்புப் பிரதி என்று நினைத்து இப்படிப்பட்ட கோப்புகளை அடுக்கி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

சரிசெய்ய: இணையத்தோடு இணைந்திருக்கும்போதே ஆவணத்தைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை உருட்டி, எல்லாப் படங்களும் வந்துவிட்டனவா என்று பாருங்கள். பிறகு 'எடிட்' → 'லிங்க்ஸ் டு எக்ஸ்டர்னல் ஃபைல்ஸ்'. பழைய பதிப்பானால் வெறும் 'லிங்க்ஸ்' என்று இருக்கும். பட்டியலில் முதல் வரியைச் சொடுக்கி, ஷிஃப்ட் அழுத்தியபடி கடைசி வரியைச் சொடுக்கினால் எல்லாம் தேர்வாகும். 'பிரேக் லிங்க்' கொடுத்து, உறுதியா என்று கேட்டால் 'யெஸ்' சொல்லிச் சேமியுங்கள். கோப்பின் அளவு சட்டென்று கூடியிருக்க வேண்டும். சில கேபி இருந்தது சில எம்பி ஆகியிருந்தால் படம் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியாக இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் வலைப்பூவில் எதையும் அழிக்காதீர்கள்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில், சேமித்த இணையப் பக்கத்தைத் திறந்து ஆவணமாக்குகிறவர்களுக்கும் இதே சிக்கல் வரும். அங்கே 'ஃபைல்' → 'இன்ஃபோ' பக்கத்தின் வலது ஓரம், அடியில் 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' என்று இருக்கும். அதில் ஒவ்வொரு படத்துக்கும் 'சேவ் பிக்சர் இன் டாக்குமென்ட்' குறியிட வேண்டும். அந்த வரியே தென்படவில்லை என்றால் வெளி இணைப்பு எதுவும் இல்லை, நிம்மதியாக இருக்கலாம்.

இன்னொரு விஷயம், படத்தின் அளவு. பிளாக்கர் பக்கத்தில் தெரிவது பெரும்பாலும் சிறு பிரதி; ஒட்டினால் அந்தச் சிறு பிரதிதான் வரும். படத்தைப் புதிய தாவலில் திறந்து முகவரியைப் பாருங்கள். இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே 'எஸ்320', 'எஸ்400', 'எஸ்1600' என்பதுபோல ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை அழித்துவிட்டு 0 போட்டு என்டர் தட்டினால் ஏற்றியபோது இருந்த முழு அளவுப் படம் வரும். கொழிஞ்சாம்பாறைச் சந்தையை எடுத்த சாதாரணப் படத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. கல்வெட்டு, பழைய பத்திரம், குடும்பப் படம் என்றால் கட்டாயம் செய்யுங்கள்.

வேர்டுக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: சேமிக்கும்போது படத்தைச் சுருக்கிவிடும். 'ஃபைல்' → 'ஆப்ஷன்ஸ்' → 'அட்வான்ஸ்டு' போய் 'இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி' பகுதியில் 'டு நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்பதில் குறியிடுங்கள். அது அந்த ஓர் ஆவணத்துக்கான அமைப்பு; புதிய ஆவணங்களுக்கும் வேண்டுமானால் பக்கத்தில் உள்ள பெட்டியில் 'ஆல் நியூ டாக்குமென்ட்ஸ்' தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாசகர், நகரி, ஆந்திரா

கேள்வி: விசைத்தறி பற்றிய என் இடுகைகளை வேர்டில் ஒட்டி 'ஜஸ்டிஃபை' கொடுத்தால், இரண்டு மூன்று சொல் உள்ள வரிகூடப் பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுபடுகிறது.

பதில்: பழைய பிளாக்கர் இடுகைகளில் பத்தி பிரிப்பு கிடையாது, வரி முறிப்புதான். நீங்கள் என்டர் தட்டிய இடத்திலெல்லாம் ஷிஃப்ட் என்டர் விழுந்ததாக வேர்ட் எடுத்துக்கொள்கிறது. அதன் கணக்கில் இடுகை முழுவதும் ஒரே பத்தி. பத்தியின் கடைசி வரியை மட்டும்தான் அது இழுக்காமல் விடும்.

'ஹோம்' தாவலில் உள்ள 'ஷோ' குறியை (பத்திக்குறி போட்ட பொத்தான்) அழுத்திப் பாருங்கள். வரி முடிவில் வளைந்த அம்பு தெரிந்தால் இதுதான் நோய். கண்ட்ரோலும் எச்சும் அழுத்தி, 'ஃபைண்ட்' பெட்டியில் ^ குறியும் அதை ஒட்டிச் சிறிய 'எல்' எழுத்தும், 'ரீப்ளேஸ்' பெட்டியில் ^ குறியும் சிறிய 'பி' எழுத்தும் ஆங்கிலத்தில் தட்டி 'ரீப்ளேஸ் ஆல்' கொடுங்கள். இப்போது பத்திக்குப் பத்தி நடுவே வெற்றுப் பத்தி ஒன்று விழுந்திருக்கும். அதைக் களைய, இரண்டு ^பி-யைத் தேடி ஒரு ^பி-யாக மாற்றுங்கள். மாற்ற எதுவும் இல்லை என்று வரும்வரை திரும்பத் திரும்ப அழுத்துங்கள்.

லிப்ரே ஆபீஸில் வழி வேறு, கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கும். தேடும் பெட்டியில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்' குறியிட்டு, இரண்டு பெட்டியிலும் பின்சாய்கோடும் சிறிய 'என்' எழுத்தும் தட்ட வேண்டும். ஒரே குறியை அதே குறியாக மாற்றுவதில் என்ன பயன் என்று தோன்றும். தேடும் பெட்டியில் அதற்கு வரி முறிப்பு என்று பொருள், மாற்றும் பெட்டியில் பத்தி முறிப்பு.

கவிதை இடுகைகளை மட்டும் இதிலிருந்து விலக்கி வையுங்கள். அங்கே வரி முறிப்பு வேண்டியதுதான். இடப்பக்கச் சீராக்கம் கொடுத்தால் போதும்.

இரண்டு சொல்லுக்கு நடுவே இடைவெளி மட்டும் கோணலாகப் பெரிதாகத் தெரிகிறதா? அது உடையாத இடைவெளி. ^ குறியும் 'எஸ்' எழுத்தும் தேடி, சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள்.

வாசகர், குப்பம், ஆந்திரா

கேள்வி: எல்லைப்புறக் கல்வெட்டுகள் பற்றி எழுதுகிறேன். தமிழோடு தெலுங்கும், சில இடுகைகளில் மலையாளமும் வரும். வேர்டுக்கு மாற்றினால் சில இடத்தில் கட்டம், சில இடத்தில் புள்ளி வட்டம், ஒரு கோப்பில் கேள்விக்குறியாகவே இருக்கிறது.

பதில்: மூன்றும் மூன்று நோய், மருந்தும் வேறு வேறு.

கட்டம் தெரிந்தால் எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது, காட்டுவதற்கு எழுத்துரு இல்லை. விண்டோஸ் 8 முதல் வரும் 'நிர்மலா யூஐ' எழுத்துருவில் தமிழ், தெலுங்கு, மலையாளம் மூன்றும் உண்டு. உங்களைப் போன்றவர்களுக்கு அது ஒன்று போதும். 'லதா' மட்டும் வைத்து ஆவணம் செய்தவர்கள் கவனிக்க: விண்டோஸ் 10-இல் அது கூடுதல் எழுத்துருத் தொகுப்பாகத்தான் கிடைக்கும், 'செட்டிங்ஸ்' → 'ஆப்ஸ்' → 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்க்க வேண்டும். லினக்ஸில் நோட்டோ வரிசையில் மூன்று மொழிக்கும் தனித்தனி எழுத்துருக்கள் இலவசம். தமிழுக்கு 'மீரா இனிமை'யும் நன்றாக இருக்கும். அது கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தமிழுக்குச் செய்து கொடுத்த எழுத்துரு.

எழுத்துருவை மாற்றியும் தமிழ் மட்டும் மாறாமல் அடம்பிடித்தால், நீங்கள் மாற்றியது ஆங்கிலத்துக்கான பெட்டி. வேர்டில் கண்ட்ரோலும் டியும் அழுத்தி வரும் பெட்டியில் 'காம்ப்ளக்ஸ் ஸ்க்ரிப்ட்ஸ்' என்று தனிப் பகுதி இருக்கும். இந்திய மொழிகளுக்கு எழுத்துருவும் அளவும் அங்கேதான் வைக்க வேண்டும். அந்தப் பகுதியே இல்லாவிட்டால் 'ஃபைல்' → 'ஆப்ஷன்ஸ்' → 'லாங்குவேஜ்' போய்த் தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறங்கள். லிப்ரே ஆபீஸில் 'டூல்ஸ்' → 'ஆப்ஷன்ஸ்' மொழிப் பகுதியில் 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' குறியிட்டால் அதே பெட்டி வரும்.

புள்ளி வட்டம் வேறு கதை. உயிர்க்குறி ஏறி உட்கார மெய் இல்லாதபோது கணினி அந்த வட்டத்தைப் போட்டுக் காட்டும். எழுத்துகளின் வரிசை குலைந்திருக்கிறது என்று பொருள். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த பகுதிகளில் இது அதிகம்; எழுத்துரு மாற்றிப் பயனில்லை, மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

கேள்விக்குறி என்றால் எழுத்து போயே போய்விட்டது. நோட்பேடில் ஒட்டி 'ஆன்சி' குறியாக்கத்தில் சேமித்தால் இப்படி ஆகும். அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழி இல்லை. வலைப்பூவில் இடுகை இன்னும் இருக்கிறது அல்லவா, அங்கிருந்து எடுங்கள். இனி நோட்பேடில் சேமித்தால் 'யூடிஎஃப்-8' என்று தேர்ந்தெடுங்கள்.

மலையாளத்துக்கு ஓர் எச்சரிக்கை. ன், ர், ல், ள், ண் ஒலிகளுக்கான சில்லு எழுத்துகளுக்கு யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுக் குறியாக்கம்) தனி இடம் கிடைத்தது 2008-இல்தான். அதற்கு முன் தட்டியவை மெய்யெழுத்து, சந்திரக்கலை (தமிழ்ப் புள்ளிக்கு இணையான குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி ஆகிய மூன்றின் கூட்டு. 'தேவையில்லாத குறிகளை நீக்கித் தருகிறோம்' என்னும் இணையக் கருவிகளில் உங்கள் உரையைப் போட்டால் அந்த இணைப்புக்குறியையும் குப்பை என்று எண்ணித் தூக்கிவிடும். சில்லு போய் வெறும் சந்திரக்கலை நிற்கும். தெலுங்கில் அயற்சொற்களின் மெய்கள் கூட்டெழுத்தாக ஒட்டாமல் இருக்கப் போடும் குறிக்கும் இதே கதிதான். மும்மொழி இடுகைகளைச் 'சுத்தம்' செய்யாமல் விடுவதே நல்லது.

அச்சில் 'கி', 'கீ' மேற்சுழி வெட்டுப்படுகிறது என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருக்கும், 'மல்டிபிள்' 1.15 ஆக்குங்கள்.

வாசகர், ஆரியங்காவு, கேரளா

கேள்வி: 2004-இல் எழுதிய இடுகைகள் ஐரோப்பிய மொழி போலத் தெரிகின்றன. இவற்றை வேர்டில் தமிழாக்க முடியுமா?

பதில்: முடியும். அன்றைக்குத் தமிழ் யூனிகோட் விண்டோஸ் 2000, எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். விண்டோஸ் 98 வாசகர்களுக்காகப் பலர் டிஸ்கி என்ற பழைய குறியாக்கத்தில் எழுதினார்கள். டாப், டாம், பாமினி என்று வேறு பழைய குறியாக்கங்களும் உண்டு. முதலில் எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடியுங்கள். மேலே கோடும் புள்ளியும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி அல்லது டாப். சாதாரண ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக இருந்தால் பாமினி. அதில் மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை.

என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் உரையை ஒட்டி, மூலக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். முதலில் ஒரு பத்தியை மட்டும் போட்டுச் சோதியுங்கள். டிஸ்கி என்று போட்டு வாயில் நுழையாத தமிழ் வந்தால் டாப், டாம் என்று மாற்றிப் பாருங்கள்.

டிஸ்கியில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தனித்தனி இடம் உண்டு என்பதால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் தப்பிக்கும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தது. இணைய முகவரியோ ஆங்கிலப் பெயரோ இருந்தால் அதுவும் 'தமிழாகி' உளறும். அவற்றை முன்னரே வெட்டி எடுத்துவிட்டு மாற்றுங்கள். மாற்றி முடித்ததும் ஜ, ஷ, ஸ, ஹ வரும் சொற்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இடமாற்றத்தில் முதலில் காணாமல் போவது கிரந்த எழுத்துகள்தான். மூலத்தையும் மாற்றாத ஒரு பிரதியாக வைத்திருங்கள்.

வாசகர், சத்தியவேடு, ஆந்திரா

கேள்வி: வேர்ட் எதற்கு? பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எழுத்துரு தொல்லை இல்லையே.

பதில்: பார்ப்பதற்குத் தொல்லை இல்லை. தேடுவதற்கும் திருப்பி எடுப்பதற்கும்தான் பிடிஎஃப் கழுத்தை அறுக்கும். 'பொள்ளாச்சி' என்று தட்டினால் கணினியில் ப முதலில், ஒகரக்குறி அதன் பிறகு. பிடிஎஃப்போ தாளில் தெரியும் வடிவங்களை இடமிருந்து வலமாக அடுக்குகிறது: முதலில் கொம்பு, அடுத்து ப, அதன்பின் கால். அதிலிருந்து நகலெடுத்தால் கொம்பு முந்தி விழுந்து சொல் சிதைகிறது. 'பொள்ளாச்சி' என்று தேடினால் பல பிடிஎஃப்களில் கிடைக்காது, கண்ணெதிரே இருந்தாலும்.

அச்சுக்கும் அனுப்பவும் பிடிஎஃப் ஒன்று, திருத்தவும் தேடவும் வேர்ட் ஒன்று என்று வையுங்கள். வேர்டில் டாக்எக்ஸ் வடிவம்தான் சரி, பழைய டாக் வேண்டாம். டாக்எக்ஸ் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஆவணம் திறக்க மறுத்தால் அதன் ஒரு பிரதியின் பின்னொட்டை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். 'வேர்ட்' என்ற அடைவுக்குள் 'மீடியா' என்று ஒன்று இருக்கும், படங்கள் எல்லாம் அங்கே தனித்தனிக் கோப்பாகக் கிடைக்கும். டாக்எக்ஸும் லிப்ரே ஆபீஸின் ஓடிடியும் ஐஎஸ்ஓ தர நிர்ணயம் பெற்றவை (ஓடிடி 2006, டாக்எக்ஸ் 2008), இரண்டில் எதுவானாலும் சரி.

வாசகி, குமுளி, கேரளா

கேள்வி: கணினி இல்லை. கைப்பேசியிலேயே செய்ய முடியுமா?

பதில்: உரைக்கு முடியும். கூகுள் டாக்ஸ் செயலியில் புதிய ஆவணம் திறந்து, இடுகையை ஒட்டி, மூன்று புள்ளி → 'ஷேர் அண்ட் எக்ஸ்போர்ட்' → 'சேவ் ஆஸ்' → வேர்ட். கைப்பேசியில் ஒட்டும்போது படங்கள் பெரும்பாலும் கூட வராது. படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து இறக்கிக்கொண்டு, பிறகு 'இன்சர்ட்' வழியாகச் சேருங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிச் சேமிப்பதானால் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், 'ஃபோட்டோ' என்று அனுப்பினால் சுருங்கிவிடும். எல்லா இடுகையையும் ஒரே ஆவணத்தில் கொட்ட வேண்டாம்: டாக்ஸில் ஓர் ஆவணத்துக்கு 10.2 லட்சம் எழுத்துக்குறிகள்தான் வரம்பு, தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணிக்கையில் சேரும்.

வாசகர், களியக்காவிளை, தமிழ்நாடு

கேள்வி: எழுநூறுக்கு மேல் இடுகைகள். ஒன்றுக்கு ஒரு கோப்பா, எல்லாம் சேர்த்து ஒன்றா? ஒவ்வொன்றாக ஒட்ட ஆயுசு போதாது போலிருக்கிறது.

பதில்: ஆண்டுக்கு ஒரு கோப்பு என்பது எங்கள் பரிந்துரை. படம் அதிகமுள்ள ஆண்டை இரண்டாகப் பிரியுங்கள். நூறு எம்பியைத் தாண்டினால் பழைய கணினியில் வேர்ட் திணறும்.

ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டியதில்லை. பிளாக்கரில் வலைப்பூ முகவரிக்குப் பின் சாய்கோடு, ஆண்டு, சாய்கோடு, மாதம் இரண்டு இலக்கத்தில், சாய்கோடு என்று போட்டால் (/2009/03/) அந்த மாத இடுகைகள் ஒரே பக்கத்தில் வரும். படம் மிகுந்த மாதங்களைப் பிளாக்கர் தானே இரண்டு மூன்று பக்கமாக உடைக்கும், அடியில் 'ஓல்டர் போஸ்ட்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். 'ரீட் மோர்' போட்டு வெட்டிய இடுகைகள் அங்கே பாதியில் நிற்கும். அவற்றை மட்டும் தனியே திறக்க வேண்டும். ஓரப் பட்டையில் உள்ள திரட்டித் தளங்களின் (பலருடைய இடுகைகளைத் தொகுத்துக் காட்டும் தளங்கள்) பட்டைகளும் வருகையாளர் எண்ணியும் ஒட்டிக்கொண்டு வராமல் இருக்க, தனி இடுகையானால் ஃபயர்ஃபாக்ஸிலோ எட்ஜிலோ எஃப்9 அழுத்திப் படிப்பு முறைக்கு மாறிவிட்டு நகலெடுங்கள். வலது சொடுக்கைத் தடுக்கும் நிரலை உங்கள் வலைப்பூவிலேயே போட்டு வைத்திருந்தால், பிளாக்கருக்குள் நுழைந்து தொகுப்புப் பெட்டியில் இடுகையைத் திறந்து அங்கிருந்து எடுங்கள். அப்படி எடுக்கும்போது தலைப்பும் தேதியும் தானாக வராது.

இடுகைத் தலைப்புகளுக்கு 'ஹெடிங் 1' பாணி கொடுங்கள். கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். பிறகு 'ரெஃபரன்சஸ்' → 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' ஒரு சொடுக்கில் உள்ளடக்கத்தைப் போட்டுவிடும். தலைப்புக்குக் கீழே வெளியிட்ட தேதியையும் மூல முகவரியையும் ஒரு வரியாக எழுதுங்கள். யூடியூப் காட்சி ஒட்டிய இடத்தில் ஆவணத்தில் எதுவும் வராது; அதன் இணைப்பை அங்கே கையால் எழுத வேண்டும்.

கோப்புப் பெயரை ஆண்டில் தொடங்குங்கள்: 2009-1, 2009-2. இடுகைத் தலைப்பையே நீளமாகப் பெயராக வைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. 'கொழிஞ்சாம்பாறை' என்ற ஒரு சொல்லே 42 பைட். அப்படி ஆறு சொல் சேர்ந்தால் இடம் தீர்ந்தது, விண்டோஸில் சேமித்த கோப்பு அங்கே நகலாக மறுக்கும்.

வாசகி, தென்மலை, கேரளா

கேள்வி: பின்னூட்டங்களும் வேண்டும்.

பதில்: பிளாக்கரின் சொந்தப் பின்னூட்டங்கள் எக்ஸ்எம்எல்லில் இருக்கின்றன. ஆவணத்தில் வேண்டுமானால் இடுகையைத் தனியே திறந்து, படிப்பு முறைக்குப் போகாமல் நகலெடுங்கள். பின்னூட்டம் 200-ஐத் தாண்டிய இடுகைகளில் மீதி அடுத்த பக்கத்தில் இருக்கும், 'லோட் மோர்' அல்லது 'நியூவர்' அழுத்துங்கள். ஃபேஸ்புக் பின்னூட்டப் பெட்டி வைத்திருந்தால் அது எந்தப் பேக்-அப்பிலும் வராது. கூகுள் பிளஸ் பின்னூட்டங்கள் 2019-இல் அந்தச் சேவையோடு போய்விட்டன.

வாசகர், நாகலாபுரம், ஆந்திரா

கேள்வி: காலஞ்சென்ற அப்பாவின் வலைப்பூ சொந்த டொமைன் பெயரில் இருந்தது. புதுப்பிக்காததால் இப்போது திறக்கவில்லை. கடவுச்சொல்லும் தெரியாது. எழுதியதெல்லாம் போய்விட்டதா?

பதில்: பிளாக்கரில் எழுதியிருந்தால் இடுகைகள் பெரும்பாலும் இருக்கும், காலாவதியானது பெயர்ப்பலகை மட்டும். பழைய பிளாக்ஸ்பாட் முகவரியை (பிளாக்கர் இலவசமாகத் தரும் முகவரி) தட்டினாலும் அது செத்துப்போன டொமைனுக்கே தள்ளிவிடுவதால் திறக்காததுபோலத் தெரிகிறது. வழிகளை வரிசையாகச் சொல்கிறோம்.

அவருடைய கைப்பேசியோ கணினியோ வீட்டில் இருந்தால் கூகுள் கணக்கு அதில் இன்னும் உள்நுழைந்த நிலையில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிளாக்கருக்குப் போய் 'செட்டிங்ஸ்' → 'பப்ளிஷிங்' பகுதியில் சொந்த டொமைனை நீக்கிவிடுங்கள். பிளாக்ஸ்பாட் முகவரியில் வலைப்பூ எழுந்து வரும். உடனே எக்ஸ்எம்எல்லும் டேக்அவுட்டும் எடுத்துவிடுங்கள். 'பெர்மிஷன்ஸ்' பகுதியில் உங்கள் மின்னஞ்சலையும் அட்மினாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்குள் போக முடியாவிட்டால், அந்த டொமைனை வேறு யாரும் வாங்காத நிலையில் நீங்களே வாங்கி, டிஎன்எஸ் அமைப்பில் (டொமைன் பெயர் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் இடம்) முன்பு இருந்தபடியே பிளாக்கருக்குத் திருப்பிவிட்டால் வலைப்பூ வாசகர்களுக்குத் தெரியும். அங்கிருந்து மேலே சொன்னபடி நகலெடுக்கலாம். அதுவும் ஆகாவிட்டால் இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய டொமைன், பிளாக்ஸ்பாட் முகவரி இரண்டையும் தனித்தனியே தேடுங்கள். எல்லாப் பக்கமும் இருக்கும் என்று சொல்ல முடியாது; மாதத் தொகுப்புப் பக்கம் கிடைத்தால் அதில் பல இடுகைகள் ஒன்றாக மாட்டும். இறந்தவரின் கணக்கு தொடர்பாக விண்ணப்பிக்கக் கூகுளில் தனிப் படிவம் உண்டு. இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். கடவுச்சொல் தரமாட்டார்கள், உள்ளடக்கத்தைத் தருவதும் அவர்கள் பரிசீலனைக்கு உட்பட்டது.

இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம். வேபேக் மெஷின் தேடலை இன்றே தொடங்கலாம், அதற்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. மற்ற வாசகர்கள் கூகுள் கணக்கில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்ற இடத்தில் நம்பகமான 10 பேர்வரை குறித்து வைக்கலாம். நீங்கள் வைத்த காலம்வரை கணக்கு அசையாமல் கிடந்தால், எந்தெந்தத் தரவைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறீர்களோ அதை இறக்கிக்கொள்ளும் இணைப்பு அவர்களுக்குப் போகும். அந்தப் பட்டியலில் பிளாக்கருக்கும் குறியிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.